காய்ந்த மாங்கிளைக்கு நான் சொன்ன காரணம்

கொல்லை மாமரத்தில் ஒரு கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு முத்துலட்சுமிக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. மருந்து படிந்த சேலையை எங்கள் குழாயடியில்தான் துவைப்பார். தண்ணீர் மரத்தடிக்கு ஓடும். மூன்று மாதம் முன்பு, "உங்க மருந்துத் தண்ணிதான் மரத்தைக் கொல்லுது. இனி இங்க துவைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தெருக்குழாய்க்குப் போகிறார்.

இன்று கிளையை வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு முத்துலட்சுமியே அரிவாளோடு வந்தார். பட்டையை நகத்தால் சுரண்டினார்.

"டீச்சர், இங்கன பச்சையா இருக்கு. கிளையைச் சுத்தி இறுகிக் கெடக்குற இந்தக் கம்பிக்கு அங்கிட்டுத்தான் காஞ்சு கெடக்கு. எம்புட்டு ஆழமா இறங்கியிருக்கு பாருங்க. யாரு கட்டுனா?"

நான்தான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பு, ஸ்டார் தொங்கவிட.

பச்சை இருந்த இடத்தில் வெட்டிக் கொடுத்தார். கை கழுவக்கூட எங்கள் குழாயைத் தொடாமல் கேட்டார்: "இனி இங்கன துவைச்சுக்கிடலாமா டீச்சர்?"

"ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இருபது வருடமாகப் பிள்ளைகளை "ஸாரி சொல்லு" என்று அதட்டுகிறவள் நான். நாளை அவர் துவைக்க வருவார். எப்படிச் சொல்வதென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.