நெல்லை அள்ளினார், கல்லை விட்டார்

வக்கீல் தொழிலில் கொலை செய்தவருக்காக வாதாடுவதைவிட, கொலை செய்யாமலே ஓர் உயிர் போகக் காரணமானவருக்காக வாதாடுவதுதான் கஷ்டம். தஞ்சாவூர் வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வேகும் நண்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன கேஸ்?

கோவிந்தராசு திருவையாறு பக்கத்து விவசாயி. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் அவர் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். எல்லாரையும்போல ரோட்டில் காயவைத்தார், வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்தார். பொழுது சாய்ந்ததும் நெல்லை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், மறுநாளும் வேண்டுமே என்று கல்லை அங்கேயே விட்டுவிட்டார். இருட்டில் பைக்கில் வந்த ஒருவர் அதில் மோதி இறந்துபோனார்.

கொல்ல நினைத்துச் செய்தால் கொலை. உயிர் போகும் என்று தெரிந்தே செய்தால் அதற்கு அடுத்த பிரிவு. இரண்டும் இல்லாமல், எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காததால் ஆள் இறந்தால் பழைய சட்டத்தில் பிரிவு 304-ஏ, இப்போதைய சட்டத்தில் 106. ஐந்து வருடம் வரை சிறை போகலாம் என்று கோவிந்தராசுவுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "ஊருல என்னைக் கொலைகாரன்னு சொல்லுவாங்களா சார்?"

பெரிய கல்

குற்றப்பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். 'கவனக்குறைவாக' என்ற இடம் வந்ததும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கு அவர் சொன்ன பதிலைக் கோர்ட்டில் சொன்னால் 'தெரிந்தே செய்த' பிரிவுக்கே குடிபோக வேண்டியதுதான் என்று அவர் வாயை அடைத்தேன். அவர் சொன்னது: "பொடிக் கல்லுன்னா வண்டிக்காரன் மதிக்கமாட்டான் சார். கவனமாப் பாத்துப் பெரிய கல்லாத்தான் பொறுக்கி வச்சேன்."

ஒரு கேள்வி

இறந்தவரின் மனைவி சாட்சி சொல்ல வந்தார். அவர்களும் விவசாயக் குடும்பம். இது ஊர் வழக்கம்தான் என்று காட்டிவிடலாம் என்ற நப்பாசையில், "உங்க வீட்லயும் ரோட்டுலதானேம்மா காயவைப்பீங்க, கல்லும் வைப்பீங்கதானே?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த அம்மா அழவில்லை. நிதானமாகச் சொன்னார்: "வைப்போங்க. நெல்லை அள்ளுறப்ப கல்லையும் அள்ளிருவோம்."

டீக்கடையில்

கோர்ட் வாசலிலிருந்து கோவிந்தராசுவும் நானும் டீக்கடைக்கு நடந்தோம். இன்னும் சாட்சிகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். டீ வந்தது, அவர் கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். கடைசியில் சொன்னார்: "ஒத்துக்கிறேன்னு எழுதிக் குடுத்துருங்க சார். அந்தம்மாவே சொல்லிட்டாங்க. இனிமே ஊரு என்ன சொன்னா என்ன."

அந்தக் கேள்வியைக் கேட்டது என் கவனக்குறைவு. நல்லவேளை, அதற்கு இன்னும் பிரிவு போடவில்லை.