மாமனார் சோதித்த மிடி பெட்டி

போன வாரம் சோமனூரில் ஒரு கல்யாணம். சாப்பாடு பிரமாதம். ஆனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. மேடை ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் நண்பர் சிவசாமி செய்த பெட்டி அது. பீளமேட்டில் எனக்குப் பக்கத்து வீடு. மோட்டார் கம்பெனியில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை. முகூர்த்த நாட்களில் சொந்தமாக ஒரு லைட் மியூசிக் குழு. கீபோர்டு, தாளம், பாஸ்... ஒவ்வொன்றின் சத்தத்தையும் ஏற்றி இறக்க, மேலும் கீழும் தள்ளும் எட்டு ஃபேடர் வைத்து, மற்ற மிஷின்களுக்குக் கட்டளை அனுப்பும் மிடி பெட்டி ஒன்றை அவரே செய்திருந்தார். வெளிநாட்டுப் பெட்டி வாங்கலாமே என்றால் முறைப்பார். எதையும் தானே செய்து பார்க்கும் கோயமுத்தூர்க்காரரிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த முதல் மாடல்தான் போன வருஷம் அவருடைய மச்சினன் கல்யாணத்தில் காலை வாரிவிட்டது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து பாடுவார்கள். அந்த நேரம் மண்டபமே வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிவசாமியும் இசையை அடக்கினார் — ஆனால் நிறுத்தவில்லை. நல்ல காரியத்தில் வாத்தியத்தை நிறுத்தக் கூடாதாம். தாளத்தை ஓடவிட்டு, ஃபேடரை மட்டும் அடிவரை இறக்கி வைத்தார்.

கரண்ட் போனது. பாடியவர் மைக் இல்லாமலே தொடர்ந்தார். கரண்ட் வந்தது...

தாளம் போடும் குட்டி மிஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சத்தம் கொடுக்கும் பெட்டியோ கரண்டில் ஓடுவது. அணைந்து எழுந்த அதற்கு, ஃபேடர் கீழே கிடப்பதை யார் சொல்வது? முழுச் சத்தத்தில் டிஸ்கோ தாளம். மணப்பெண் திடுக்கிட்டு எழுந்தேவிட்டாள். பாடியவர் பாதி வரியில் நின்றார்.

யாரும் திட்டவில்லை. எங்கள் ஊரில் அதுதான் பயமே. விசைத்தறி ஓட்டும் மாமனார் பழனிச்சாமி பக்கத்தில் வந்து, "மாப்பிள்ளை, சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சிவசாமி வாசலில் தலைகாட்டினால், மாமனார் தறிக்குடோனுக்குள் போய்விடுவார். ஒரு வருஷம் இப்படி. சிவசாமியின் மனைவிதான் நடுவில் கிடந்து தவித்தாள்.

அடுத்து கொழுந்தியாள் கல்யாணம், முதலில் சொன்ன அந்தச் சோமனூர்க் கல்யாணம். "என்ற பாட்டு இல்லாம அந்தப் புள்ளைக்குக் கல்யாணமுங்களா? நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்று என்னிடம் புலம்பினார். புலம்பியதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் செலவழித்துப் புது மாடல் செய்தார்.

ஃபேடர்கள் முன்பைவிட நீளம் — இம்மியளவு கூட ஏற்றி இறக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. பாட்டுக்குப் பாட்டு எது எந்த அளவில் இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட, கரண்ட் வந்த நொடியே, மற்ற மிஷின்கள் வாய் திறப்பதற்குள், "அவரவர் அளவில் இருங்கள்" என்று அதுவாகவே கட்டளை அனுப்பிவிடும்.

அதை மாமனாரிடம் காட்டப் போனபோது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்கூட்டரில் சோமனூர் வரை பெட்டி என் மடியில், தாள மிஷினும் சத்தப் பெட்டியும் அவர் காலடியில். எனக்கென்னவோ நானே பரீட்சைக்குப் போகிற மாதிரி இருந்தது.

மாமனார் விளக்கைப் பார்க்கவில்லை. ஃபேடர் நீளத்தையும் பார்க்கவில்லை.

"கரண்டு போனா தறிக்காரன் மொதல்ல என்ன பண்ணுவான், தெரியுங்களா மாப்பிள்ளை? சுச்சை அணைச்சுப்போடுவான். இல்லீன்னா கரண்டு வந்ததும் அத்தனை தறியும் ஒண்ணாக் கெளம்பிரும். இத்தனை படிச்சும் உங்களுக்கு அது தோணலீங்களே."

"தோணலீங்க மாமா. தப்புத்தானுங்க."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

சிவசாமி எல்லாவற்றையும் இணைத்து, தாளத்தை ஓடவிட்டு, ஃபேடரை அடிவரை இறக்கினார். மாமனார் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். போட்டார். சத்தமில்லை. மறுபடி அணைத்தார், போட்டார். சத்தமில்லை. ஒன்பது தடவை. வேறு வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"செரி, கல்யாணத்துக்குக் கொண்டாங்க" என்றார்.

கல்யாணத்தன்று மங்கல வாழ்த்து ஆரம்பித்தது. சிவசாமி ஃபேடர்களை இறக்கினார். தாளத்தை இந்த முறையும் நிறுத்தவில்லை, பிடிவாதக்காரர். பாதியில் கரண்ட் போனது. போகாமல் இருக்குமா? திரும்பி வந்தது. சிவப்பு விளக்குகள் எரிந்தன. வாழ்த்துப் பாட்டு மட்டும் கேட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வாழ்த்து முடிந்தது. இனி இசை வர வேண்டும். வரவில்லை. எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்கள். சிவசாமியின் விரல் ஃபேடர் மேல்தான் இருக்கிறது, நகர மாட்டேன் என்கிறது. எப்படி இறக்குவது என்று ஒரு வருஷம் யோசித்த மனிதருக்கு, ஏற்றத் தைரியம் வரவில்லை.

மாமனார் விறுவிறுவென்று மேடையேறினார். "இன்னும் என்னத்துக்குங்க பயம்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மருமகன் கை மேல் தன் கையை வைத்து ஃபேடரை மேலே தள்ளினார்.

மண்டபம் இசையால் நிறைந்தது. சிவசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். எனக்கும் கலங்கியது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

புது மாடலில் எத்தனை வசதி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் — கையைப் பிடித்து ஏற்றிவிடும் மாமனாரை மட்டும் நாமாகத்தான் சம்பாதிக்க வேண்டும்.