உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்றவள், எழுதிப் பழக்கமில்லை என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். எழுதினால் என் பொறாமையையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் உண்மை. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. பச்சை பிளாஸ்டிக் விளிம்பு, ஓரத்தில் ஒரு கீறல். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை அது. என் ஓரகத்தி, அதாவது நான் அக்கா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்ட கண்ணாடி.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வருஷத்தில், ஒரே டாக்டரிடம்தான் சர்க்கரை என்று தெரிந்தது. நான் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். அக்கா வருகிற வழியில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் சுங்குடிப் புடவையும் வெள்ளை ஷூவுமாக நான்கு மாட வீதியையும் சுற்றி வந்தார். பூக்காரம்மா, "இன்னாம்மா, போலீசுல சேந்துக்கினியா?" என்று கேட்டதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு வேறு.

ஆனால் ஒவ்வொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போதும் அக்காவின் சர்க்கரை எண் இறங்கியிருந்தது, என்னுடையது ஏறியிருந்தது. அவர் அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வரும். சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து கவிழ்ப்பார். தட்டின் மிச்ச இடமெல்லாம் கொத்தவரங்காயும் கீரையும்தான். சாப்பாட்டு நேரம் தள்ளாது, மாத்திரை தவறாது. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பருக்கையை மட்டும் வாயில் போட்டுக்கொள்வார். அம்பாள் பிரசாதம் உடம்பை ஒன்றும் செய்யாது என்று நம்பியவள் நான். ஒரு தொன்னை முழுவதும் தின்பேன். வெள்ளி, சஷ்டி என்று பட்டினி கிடப்பேன். அன்றைக்கு மாத்திரைக்கும் சேர்த்து விரதம். டாக்டர் என் தாளைப் பார்த்துவிட்டு, உங்கள் அக்காவைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள் என்பார். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தாலே, "அண்ணியப் பாரேன்" என்பார். அந்த வார்த்தை எனக்குத் தொண்டையில் மீன் முள்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் அக்கா இந்தக் கண்ணாடியைத் தரையில் வைத்து, ஒரு காலை அதன்மேல் தூக்கிப் பிடித்து, குனிந்து பார்ப்பார். பிறகு மற்றக் கால். "கால் அழகு பாக்குற வயசா இது?" என்று வீட்டுக்காரரிடம் கேலி பேசினேன். ஏன் பார்க்கிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டதே இல்லை. கேட்டால் அவரிடம் கற்றுக்கொண்டதாகிவிடுமே.

அந்தப் பங்குனியில் ஒரு வேண்டுதல் செய்துகொண்டேன். நாற்பத்தெட்டு நாள் செருப்பில்லாமல் நான்கு மாட வீதியும் சுற்றுகிறேன், என் சர்க்கரையை இறக்கிக் கொடு தாயே என்று. இவ்வளவுதான் எல்லோரிடமும் சொன்னது. அக்காவுடையதைவிட இறங்க வேண்டும் என்று சந்நிதியில் நின்று கேட்டதை இன்றுதான் சொல்கிறேன். வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது சும்மா நடப்பவர்களுக்கு, வேண்டுதலுக்கு இல்லை என்று நானே வைத்துக்கொண்டேன். வீட்டு வேலை முடித்துக் கிளம்பப் பதினோரு மணியாகும். தார் ரோடு கொதிக்கும். எனக்குச் சுடவே இல்லை. அதையும் அம்பாள் அருள் என்றே நினைத்தேன்.

நாற்பத்தோராம் நாள் பரிசோதனைத் தாள் வந்தது. எண் இறங்கியிருந்தது. தினம் நடந்தால் இறங்கத்தான் செய்யும், அது அப்போது தெரியவில்லை. சுற்றிவிட்டு வந்த காலோடு, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தார். வாசற்படியிலிருந்து நான் நின்ற இடம் வரைக்கும் ஒற்றைக் காலின் தடம் மட்டும் ஈரமாக, செம்மண் நிறத்தில் பதிந்திருந்தது.

என்னை உட்காரவைத்துக் கண்ணாடியை எடுத்து வந்து காலுக்குக் கீழே பிடித்தார். கொப்புளம் வெடித்துத் தோல் விலகி, நடுவே ஒரு பொடிக்கல் புதைந்து கிடந்தது. யாருடைய காலையோ பார்ப்பது போலிருந்தது.

"வலிக்கலையாடி?"

"இல்லக்கா."

எத்தனை நாளாக என்றார். தெரியாது என்றேன். என் காலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அழுதார். "வலிக்கலன்னு சொல்றியேடி. அதுக்குத்தான்டி நான் தினம் பாக்குறேன்."

சர்க்கரையால் கால் மரத்துப்போயிருக்கிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். புண் ஆற இரண்டு மாதமானது. நான் கட்டிலில் கிடக்க, கீழே வந்து கிண்ணத்தில் அளந்து எனக்குச் சோறு போட்டவர் அக்கா. வேண்டுதலில் மிச்சமிருந்த ஏழு நாளையும் அவரே நடந்து முடித்தார், அதே வெள்ளை ஷூவில். சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டேன். "ஷூவ கோயில் வாசல்ல உட்டுட்டுத்தான்டி உள்ள போனேன். அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றார். அப்போதும், என் வேண்டுதலின் பலன் அவருக்குப் போய்விடுமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அம்பாள் என்னை மன்னிக்க வேண்டும்.

இப்போது அக்கா மகனோடு பெருங்குடியில் இருக்கிறார். போகும்போது கண்ணாடியை என்னிடம் விட்டுப் போனார். நானும் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறேன், பூக்காரம்மா என்னையும் விடுவதில்லை. பிரசாதம் ஒரு பருக்கைதான். விளக்கேற்றியதும் கண்ணாடியைத் தரையில் வைக்கிறேன். உள்ளங்காலில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிகிறது. சரியாக அந்த நேரத்துக்கு அக்கா போன் செய்து, "கால பாத்தியாடி?" என்பார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, உங்கள் எண் இந்த முறை எவ்வளவு என்று நான் கேட்பேன். இன்றுவரை அவருடையதுதான் குறைவு. உள்ளங்காலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. அந்த எண்ணைக் கேட்கும்போது மட்டும் எங்கோ சுருக்கென்று குத்துகிறது.

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, நான் பொறாமைப்பட்ட இடங்களை எனக்காக இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். அவற்றை எடுத்துவிட்டால், பக்கத்திலேயே இருந்த இந்தக் கண்ணாடியை நான் ஏன் அத்தனை நாள் பார்க்கவில்லை என்பது யாருக்கும் விளங்காது.