மூன்று ஒயரும் ஒரு பெட்டியும்

கருகிய பிளாஸ்டிக் வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மோகனூர்ப் பக்கம் பெரியம்மாவின் கோழிப்பண்ணையில், போர்வெல்லின் சோலார் மோட்டாரை ஓட்டும் பெட்டியைத் திறந்ததும் வந்த வாடை. முந்தின நாள் இடியில் உள்ளே மின்சுற்றுப் பலகை கருகிப்போயிருந்தது. தொட்டி காலி. சித்திரை வெயில் ஏற ஏறக் கூண்டுகளில் கோழிகள் அலகைப் பிளந்து இரைத்தன. குடிக்கவும் தண்ணீர் இல்லை, கூரைமேல் தெளிக்கவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான், படித்தது மின்னியல். "நீ வந்துட்டீல்ல சாமி, இனி எனக்கென்ன" என்றார் பெரியம்மா. புதுப் பெட்டி மறுநாள்தான் கிடைக்கும். தண்ணீர் லாரிக்காரரோ சாயங்காலம் என்றுவிட்டார்.

கிணறு வற்றிக்கிடந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டிங் பிளேயரோடு வந்தார். எங்கள் பக்கம் ஸ்டார்ட்டர் போனால் யாரும் காத்திருப்பதில்லை. லைனில் வரும் மூன்று பேஸ் கரண்டையும் மோட்டாருக்கு நேராகக் கொடுத்துவிடுவார்கள். "இதுலயும் மூணு ஒயருதானுங்க அக்கா. டைரக்டாக் குடுத்துப் பாக்கலாமுங்க."

"ஓடாதுங்க பெரீம்மா" என்றேன். அப்படி ஓடும் பழைய வகை மோட்டாரில் சுழலும் பாகத்துக்குச் சொந்தக் காந்தம் கிடையாது. சுற்றியுள்ள கம்பிச் சுருள்களின் காந்தப்புலமே அதில் மின்சாரத்தைத் தூண்டி இழுத்துக்கொண்டு போகும். இதில் சுழல்வதே நிலைக்காந்தம். அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ, அதற்கேற்ற சுருளுக்கு அந்தக் கணமே மின்சாரம் மாறிப் போகவேண்டும். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில் பிரஷ் செய்யும் அந்த வேலையை இங்கே பெட்டி செய்கிறது.

"என்ற பேட்டரி ஸ்கூட்டரு மோட்டாரும் இதே ஜாதின்னியே? அதுல இருக்கற பெட்டியக் கழட்டி மாட்டு" என்றார் பெரியம்மா.

ஸ்கூட்டரில் சக்கரத்தின் வெளிவட்டமே காந்தத்தோடு சுற்றும். காந்தம் எங்கே இருக்கிறது என்று சொல்ல உள்ளே சென்சார்கள் உண்டு. ஆழத்தில் கிடக்கும் இந்த மோட்டாரில் அவை இல்லை. சுழலும்போது சுருளில் எழும் வோல்டேஜைப் பார்த்துத்தான் பெட்டி ஊகிக்கும். நின்றுகிடந்தால் அதுவும் எழாது. அதற்கென்று செய்த பெட்டிதான் மெல்ல மெல்லத் தள்ளிக் கிளப்பவேண்டும். தவிர, ஸ்கூட்டரின் வோல்டேஜ் இதற்குப் பத்தாது.

"ஆவாதுங்கறதுக்கு இத்தன காரணமா! ஆவறதுக்கு ஒண்ணு சொல்லு சாமி."

பெரியம்மா தோட்டத்துக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு என்ன செய்யச் சொல்வேன்? அவர் பண்ணையின் கரண்டு லைனிலிருந்து ஒயரை இழுத்து முறுக்கிச் சுவிட்சைப் போட்டார். போர்வெல் குழாய் நடுங்கியது. கீழேயிருந்து உறுமல் கேட்டது, அவ்வளவுதான். பியூஸ் போயிற்று. நான் சொன்னபடியே நடந்தது. அப்படி நடந்ததில் எனக்கு அழுகை வந்தது.

இப்போது சேலத்தில் இதே மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் வேலையில் இருக்கிறேன். ஏன் ஓடவில்லை என்று விளக்கச் சொன்னால் தடங்கலில்லாமல் சொல்வேன்.

அன்று லாரி வந்தபோது மேற்கு வரிசைக் கூண்டுகளில் இரைப்புச் சத்தமே இல்லை. பெரியம்மா தலை தொங்கிய ஒரு கோழியை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். திட்டவில்லை.

"எனக்கு வெவரமாச் சொன்னீல்ல. இதுக்கும் சொல்லு சாமி."

அதன் உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.