வரைய வந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினோம். ஞாயிறுதோறும் யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாக எழுத்தும் ஓவியமும் கற்கலாம். ஓவிய வகுப்பு என் பொறுப்பு.

ஒரு ஞாயிறு, ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்யும் பேச்சியம்மாள், தன் மகளோடு வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளைய விட்டுட்டுப் போங்கக்கா. அஞ்சு மணிக்கு வந்து கூட்டிக்கிடலாம்" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மகளை உள்ளே அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

வகுப்பு முடியும்வரை அந்தச் சிறுமி தாளைத் தொடவே இல்லை. ஏனென்று கேட்டேன்.

"எனக்கு இதெல்லாம் பிடிக்காது டீச்சர். எங்கம்மாதேன் படம் வரைய வந்துச்சு. ஒத்தையில வர வெக்கப்பட்டு என்னையக் கூட்டியாந்துச்சு."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேச்சியம்மாள் திரும்பி வந்ததும் ஓடிப்போய், "தெரியாமச் சொல்லிட்டேன், உள்ள வாங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர், வீட்டுல சோலி கெடக்கு" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெரசாக நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. வீடு தேடிப் போனபோது, குரங்கணிக்கு மேலே மலைத்தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எத்தனையோ பேருக்கு அதன்பின் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. என்ன வரைய ஆசைப்பட்டு வந்தாரோ, அதைக்கூட நான் அவரிடம் கேட்கவில்லை.