அம்மனோடு ஒரு ஸ்ட்ரைக்

இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள் செங்கமலம். தோட்டத் தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியும் அவள்தான். மற்ற ஊர்களில் மழை கேட்டு மாரியம்மனிடம் போவார்கள். இவளோ மழை வேண்டாம் என்று கேட்பாள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாது.

1998 திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி, "காலையில மட்டும் விட்டுடு தாயி, மத்தியானத்துக்கு மேல ஒன் இஷ்டம்" என்று தாராளமாகவே பேரம் பேசினாள். மறுநாள் விடியும்போதே மழை கொட்டியது. இரண்டு வாரமாகியும் விடவில்லை.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி செங்கமலம் அறிவித்தாள்: "இன்னையிலருந்து அம்மனுக்கு என் கையால வெளக்கு இல்ல, பூ இல்ல. ஸ்ட்ரைக்."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் சொன்னபடியே செய்தாள். ஆனாலும் பொழுது சாய்ந்ததும் வழக்கம்போலக் கோயிலுக்குப் போய், வெறுங்கையோடு அம்மனுக்கு நேரெதிரே உட்கார்ந்து, முறைத்துவிட்டு வந்தாள்.

லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருந்த சலோமிக்கு அவள்மேல் பிரியம் அதிகம். ஒரு சாயங்காலம், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியவளை நிறுத்தினாள்.

"அந்தச் சாமிதான் காது குடுக்கலயே அக்கா. ஞாயித்துக்கெழம எங்க ஜெபத்துக்கு வாங்களேன்."

செங்கமலம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்ட்ரைக் பண்றவ பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவாளாடி? சொந்தத் தோட்டத்து வாசல்லதான் குந்தியிருப்பா."