தேன்மொழியின் வலது கை

பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தேன்மொழி பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். தோல் சீவி வரும் பழத்தில் மிச்சமிருக்கும் கண்களைக் கத்தி முனையால் தோண்டி எடுப்பது அவள் வேலை. ஒரு பழத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. வாரத்தில் ஐந்து நாள், சில வாரம் ஆறு நாள், வலது கையில் கத்தி இருக்கும். சனி, ஞாயிறு வந்தால் அதே கை ஏதாவதொரு கல்யாண விருந்தில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும்.

கிட்டாரை அவள் தேடிப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் ஊழியர்களே பாடி ஆடுவதாக ஏற்பாடு. ஊழியர் மன்றத்தின் சாமான் அறையிலிருந்து இரண்டு கிட்டார்களைத் தூசு தட்டி எடுத்து வந்தார்கள். ஆறு தந்தி உள்ளதற்கு நான்கு பேர் போட்டி போட்டார்கள். அடிச்சுரம் வாசிக்கும் நான்கு தந்தி பேஸை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தந்தி குறைந்தால் கற்பது சுலபம் என்று நினைத்து அவள் அதை எடுத்துக்கொண்டாள். அந்த நினைப்பு தப்பு என்று தெரிய வருவதற்குள் அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது. விருந்து முடிந்து திருப்பிக் கொடுக்கப் போனபோது, "நீயே வச்சுக்க, இங்க யாரு அடிக்கப் போறா" என்றார் மன்றத்துச் செயலாளர்.

வீட்டில் அதற்கு ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேஸ் கிட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காது. தன் காதுக்காவது கேட்கட்டும் என்று தேன்மொழி தந்தியைப் பலமாக இழுத்து விட்டுப் பழகினாள். தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற கறுப்புக் கட்டையின் மேல் கட்டைவிரலை ஊன்றிக்கொள்வாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கால் மாறி மாறி நடப்பதுபோல் சுண்டும். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. வீடியோ பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். வீடியோவில் விரல் எப்படிப் போகிறது என்று தெரிந்தது. எவ்வளவு பலத்தோடு போகிறது என்று தெரியவில்லை.

பிறகு ஜெயபாலனின் இசைக்குழுவில் சேர்ந்தாள். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். குழுவில் கீபோர்டு அவருடையது. பொந்தியானிலிருந்து சிகாமாட் வரை கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் கலைநிகழ்ச்சி என்று வாசிப்பார்கள். டிரம்ஸ் அடிப்பவன் வசந்தன், டயர் கடையில் வேலை. தேன்மொழியின் கணவன் காளிதாஸ் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பவன். வார நாள் முழுக்க எல்லைப் பாலத்தைக் கடந்து போய் வந்த அலுப்போடு, வாரக் கடைசியில் குழுவில் சேர்ந்த பிறகு அவள் வாங்கிய ஆம்ப்ளிஃபயரைக் காரில் ஏற்றி இறக்குவான். அது நிகழ்ச்சிக்கு மட்டும்தான். அவர்கள் இருப்பது தாமான் குடியிருப்பில் ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும் என்று வீட்டில் அவள் அதை ஒருநாளும் சொருகியதில்லை.

போன வருடம் மார்ச்சில் யோங் பெங்கில் ஒரு கல்யாண விருந்து. டேவான் மண்டபம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடைக்கு முன்னால் ஆட இறங்கியதும் வேகமான பாட்டாகத் தொடர்ந்து மூன்று போனது. மூன்றாவதன் நடுவில் தேன்மொழியின் நடுவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் நின்றுவிட்டது. நிமிர்த்தப் பார்த்தாள், வரவில்லை. இடது கையால் பிடித்து இழுக்கலாமென்றால் அந்தக் கை கிட்டாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் பாட்டை முடித்தாள். பாதியிலேயே ஜெயபாலன் விஷயத்தைப் பார்த்துவிட்டு, கீபோர்டில் இடது கையால் பேஸ் பகுதியையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். பாட்டு முடிந்ததும் விரலை நிமிர்த்தினாள். 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காலையில் எழுந்திருக்கும்போது விரல் விறைப்பாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளினிக்கில் டாக்டர் அவள் உள்ளங்கையில், நடுவிரல் தொடங்கும் இடத்தை அழுத்திப் பார்த்தார். விரலை இழுக்கும் நாண் வீங்கி, அது போய்வரும் குழாயில் மாட்டிக்கொள்கிறது என்றார். ஓர் ஊசி போட்டார். கத்தி வேலை கூடாதென்று கடிதம் கொடுத்தார். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் சின்ன ஆபரேஷன். "வேற என்ன செய்யறீங்க அந்தக் கையால?" என்று கேட்டபோது தேன்மொழி கிட்டார் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அந்த விரலுக்கு அதுவும் வேணாம்" என்றார்.

சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்துவிட்டு அவளை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார். தொழிற்சாலை விவகாரம் அதோடு முடிந்தது. குழு விவகாரம்தான் முடியவில்லை.

"ரெண்டு மூணு மாசம் கைக்கு ரெஸ்ட் குடும்மா," என்றார் ஜெயபாலன். "பேஸ நான் இடது கையில பாத்துக்கிறேன். அன்னிக்கு யோங் பெங்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல, பாத்தில்ல?"

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். தேன்மொழி சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அரிசி களைந்துகொண்டே அதைக் காளிதாஸிடம் சொன்னாள்.

"அவரு நல்லதுக்குத்தானே சொல்றாரு," என்றான் காளிதாஸ்.

"நல்லதுக்குத்தான். நான் இல்லாட்டியும் யாருக்கும் தெரியாதுன்னா, இத்தன வருசமா நான் அங்க நின்னு என்ன பண்ணேன்?"

காளிதாஸ் எழுந்து போய் சாமான் அறையிலிருந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்து ஹாலில் வைத்தான். "இங்க சொருகி வாசி. பக்கத்து வீட்ல நான் சொல்லிக்கிறேன் லா."

மறுநாள் வேலை விட்டு வந்து, குளித்துவிட்டு, அவள் முதன்முறையாகத் தன் வீட்டில் தன் வாத்தியத்தைச் சத்தமாகக் கேட்டாள். நடுவிரலை ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டியிருந்தாள். ஆள்காட்டி விரலால் வழக்கம்போல் இழுத்து விட்டதும் அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பயந்துபோய் மெதுவாகத் தொட்டாள். தந்தியை இழுக்காமல், விரல் நுனியால் தடவிக்கொண்டு போவதுபோல் ஒரு தொடல். வந்த ஒலி அவள் இத்தனை வருடம் எழுப்பிய ஒலியைவிடத் தடிமனாக இருந்தது. இன்னொரு முறை செய்து பார்த்தாள். பலமாக அடித்தால் தந்தி அதிர்ந்து கட்டையில் மோதி, முனையில் ஒரு சலசலப்புதான் கூடுகிறது. தொட்டு விட்டால் போதும், மிச்சத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்கிறது. மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் இது அவள் காதில் விழுந்ததே இல்லை. சந்தோஷம் ஒரு பக்கம். இது தெரியாமலே விரலை இந்தப் பாடு படுத்தினோமே என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம். கட்டைவிரலை ஊன்றுவதை விட்டுவிட்டு அதையும் வேலைக்கு இழுத்தாள். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தைத் தந்திகளின் அடிமுனையில் லேசாகப் பதித்து, கட்டைவிரலால் கீழ்நோக்கித் தட்டினால், மூடிய கதவைத் தட்டுவதுபோல் குட்டையான, உருண்டையான ஒலி வந்தது. அந்தப் பிடியில் நடுவிரல் மடங்கிக் கிடந்தாலும் தொந்தரவில்லை. மெல்லிய தந்திகளுக்கு மட்டும் ஆள்காட்டி விரல். மெல்லியதிலிருந்து தடித்ததற்கு இறங்கும்போது, ஒவ்வொன்றையும் தனியாகச் சுண்டாமல் விரலை அப்படியே இழுத்துக்கொண்டு போனால், ஒரே விரலில் இரண்டு சுரம் கிடைத்தது. முதல் வாரம் தாளம் நொண்டியது. போனில் பதிவு செய்து கேட்டு, நொண்டும் இடத்தை மறுபடி மறுபடி வாசித்தாள். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு அந்த மெதுவான பாட்டு இல்லையா?" என்று கேட்டாள்.

இடையில் வசந்தன் போன் செய்தான்.

"எப்ப வருவீங்க அக்கா?"

"ஏன், அண்ணன் நல்லாத்தானே வாசிக்கிறாரு?"

"நல்லாத்தான் வாசிக்கிறாரு. ஆனா வலது கையில பாட்டு போகுதுல்ல, அவரு கவனம் அதுல போயிருது. நான் தனியா நடந்து போற மாதிரி இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயபாலன் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒத்திகை. அடுத்த வாரம் பெக்கோக்கில் ஒரு கல்யாணம். தேன்மொழி கிட்டாரோடு வந்து இறங்கியதைப் பார்த்த ஜெயபாலனுக்கு முகம் சுருங்கியது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அந்த விரல் வேணாம்னாரு. அந்த விரல நான் தொடப் போறதில்ல."

ஒரு மெதுவான பாட்டைக் கட்டைவிரலில் வாசித்துக் காட்டினாள். வசந்தன் டிரம்ஸோடு பின்னாலேயே சேர்ந்துகொண்டான். ஜெயபாலன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"சத்தம் வேற மாதிரி இருக்கும்மா."

"ஆமாண்ணே. வேற மாதிரிதான்."

"மெதுவான பாட்டுக்குச் சரி. ஆட்டப் பாட்டு வந்தா என்ன பண்ணுவ? மேடையில மாட்டிக்கிட்டா உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

அவர் கேட்டதில் தப்பில்லை. வேகமான பாட்டுகளில் அவளுக்கே நிச்சயமில்லை. கடைசியில், மெதுவானது அவளுக்கு, வேகமானதில் அவர் இடது கையும் கூடவே வரும் என்று பேசி முடித்தார்கள்.

பெக்கோக்கில் முதல் ஐந்து பாட்டு சிரமமில்லாமல் போனது. சாப்பாட்டுக்குப் பிறகு பெண் வீட்டார் ஆடக் கிளம்பினார்கள். வேகமான பாட்டு. தேன்மொழி பழைய மாதிரி எல்லாச் சுரத்தையும் அடிக்கப் போகவில்லை. ஆள்காட்டி விரலால் நான்கு சுரத்துக்கு இரண்டு மட்டும் அடித்தாள். மிச்ச இடத்தைச் சும்மா விட்டாள். விட்ட இடத்தில் வசந்தன் காலால் மிதிக்கும் பெரிய டிரம் வந்து விழுந்தது. அவன் வேண்டுமென்றே செய்தானா, தானாக அமைந்ததா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே ஆள் வாசிப்பதுபோல் ஆனது. இரண்டாம் சரணம் தொடங்கியபோது சத்தம் ஏதோ லேசானதுபோல் தோன்றி அவள் திரும்பிப் பார்த்தாள். ஜெயபாலன் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, தொடைமேல் வைத்திருந்தார். பாட்டு முடியும்வரை அந்தக் கையைத் திரும்ப மேலே கொண்டுவரவில்லை.

சாமான்களை ஏற்றும்போது அவர் அவளிடம் வந்தார். "அன்னிக்கு யாருக்கும் தெரியலன்னு சொன்னேன்ல. எனக்குத் தெரிஞ்சுச்சு. அத மொதல்ல சொல்லியிருக்கணும்."

தேன்மொழி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "சரிண்ணே," என்றாள்.

ஊசியின் பலன் நீடிக்கவில்லை. ஜூலையில் விரல் மறுபடி மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது, ஆகஸ்டில் ஆபரேஷன். கை மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு, அவள் விழித்திருக்கும்போதே கால் மணி நேரத்தில் முடித்தார்கள். தையல் பிரித்து, கட்டு அவிழ்த்து, நடுவிரல் தடையில்லாமல் மடங்கி நிமிர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் கீபோர்டின் இடது கைதான் பேஸ். அதைக் கேட்டுக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதில் இந்த முறை அவளுக்கு வருத்தமில்லை.

இப்போது நடுவிரல் திரும்ப வேலைக்கு வந்துவிட்டது. மழை பெய்து குளிரும் நாளில் கொஞ்சம் வலிக்கும். தொழிற்சாலையில் கத்திப் பகுதிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்; லேபிளிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். மூன்று விரலும் கைவசம் இருப்பதால் எந்தப் பாட்டுக்கு எது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜெயபாலன் பாட்டுப் பட்டியல் எழுதும்போது முன்பெல்லாம் சுருதியை மட்டும் குறிப்பார். போன மாதத்திலிருந்து பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, "தேனு, இதுக்குக் கட்டவிரலா, ரெண்டு விரலா?" என்று கேட்டு எழுதுகிறார்.

"ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றேண்ணே," என்கிறாள் அவள். அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்.